அந்த எண்ணெய்ப் பரிசோதனை முடிவு எங்கே?

விபத்து விசாரணைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், அறிக்கையை மூடிவைக்க ஒப்புதல் தந்த தலைமையக அதிகாரிகளுக்கும்,

நீங்கள் அனுப்பிய ஒரு பக்கக் கடிதத்தை அண்ணி எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். புறப்பட்டவுடன் விழுந்த நம் ராணுவப் போக்குவரத்து விமானத்தில், இன்ஜின்களைக் கவனிக்கும் ஃபிளைட் இன்ஜினியராகப் போய் இறந்தவரின் மனைவி அவர். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் அவர் அண்ணன், அதனால் இவர் எங்களுக்கு அண்ணி. மொத்தம் நான்கே வரி. புறப்பட்ட சில விநாடிகளில் இடது வெளிப்புற இன்ஜின் செயலிழந்தது. விமானக் குழுவினர் உரிய நடைமுறையைப் பின்பற்றாததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. விசாரணை நிறைவடைந்தது. பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு அறிக்கையின் நகலைத் தர இயலாது.

வாசித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, இதுல அவர் என்ன தப்பு பண்ணாருன்னு எனக்குப் புரியல. இன்ஜின் நின்னது அவர் தப்பா, நின்ன பிறகு ஏதோ செஞ்சது தப்பா? நீங்க அந்த வேலை பாத்தவர்தானே, சொல்லுங்க."

என்னால் அன்று சொல்ல முடியவில்லை. அந்த இன்ஜினைப் பராமரித்தவர்களில் நானும் ஒருவன். பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. விசாரணைக்கு என்னை ஒரே ஒரு முறை கூப்பிட்டீர்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கையெழுத்து என்னுடையதுதானா என்று கேட்டீர்கள், ஆமாம் என்றேன், போகலாம் என்றீர்கள். நான் சொல்ல வேண்டியது அப்போது என் வாயிலேயே நின்றுவிட்டது. அதை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விபத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு, இரவு ஷிஃப்டில், அந்த இன்ஜினின் கியர்பாக்ஸ் மேக்னட் பிளக்கைக் கழற்றினேன். படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். டர்போபுரொப் இன்ஜினில் டர்பைன் தண்டு நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. புரொப்பெல்லரோ 1,000 சொச்சம் சுற்றுதான் சுழல வேண்டும். இடையில் நின்று அந்த வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது கியர்பாக்ஸ். உள்ளே பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்தால் இரும்புத் துகள் எண்ணெயில் கலந்து, இந்தக் காந்தத்தில் வந்து ஒட்டும். மாவு போல மெல்லிய பொடி என்றால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். செதில் வரக் கூடாது. எனக்கு அன்று இரண்டு செதில் கிடைத்தது. விரல் நகத்தை வெட்டினால் விழும் ஓரத் துணுக்கைவிடச் சிறியது. டார்ச் வெளிச்சத்தில் மினுமினுத்தது.

விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம். துகளை உறையில் போட்டு எண் எழுதினோம். எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எண்ணெய் மாற்றி, தரையில் இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. பிளக் சுத்தமாக இருந்தால் குறிப்பிட்ட சில மணி நேரம் பறக்கவிட்டு மீண்டும் சோதிக்கலாம் என்று கையேடு சொல்கிறது. அந்தக் கட்டத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். அதுவரை யாரும் விதியை மீறவில்லை, நானும் மீறவில்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த மணி நேரம் முடிந்தபோது விமானத்தை நிறுத்தி பிளக்கைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "நீட்டிப்பு" என்று ஒரு வரி, கீழே ஓர் அதிகாரியின் கையொப்பம். சில நாள் கழித்து இன்னொரு நீட்டிப்பு. மாற்று இன்ஜின் கையிருப்பில் இல்லை, பறக்க வேண்டிய பயண அட்டவணை நிறைய இருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆய்வக முடிவு வரும்வரை இந்த இன்ஜினை ஓட்ட வேண்டாம் என்று நான் எழுத்தில் கொடுத்தேன். என் குறிப்பின் மேல் "பார்த்தேன்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது.

ஆய்வக முடிவு விபத்து நடந்து ஒன்பதாம் நாள் வந்தது. உறையை வாங்கிக்கொண்டவர் எங்கள் பிரிவு எழுத்தர். பிரிக்காமலே மேலிடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. எண்ணெயில் இரும்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று பார்த்தால் உள்ளே தேய்வது பல்சக்கரமா பேரிங்கா என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதற்காகத்தானே மாதிரி எடுப்பதே. உங்கள் நான்கு வரிக் கடிதத்தில் அந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்ஜின் "செயலிழந்தது" என்று மட்டும் இருக்கிறது, ஏதோ தானாகவே நின்றுபோனது போல.

விபத்தன்று நான் டார்மாக்கில்தான் நின்றேன். வெயில் ஏறிய நேரம், விமானத்தில் பாரமும் அதிகம். சூடான காற்றின் அடர்த்தி குறைவு. அதில் இன்ஜின் தரும் விசையும் குறையும், இறக்கை தாங்கும் எடையும் குறையும். நான்கு இன்ஜினும் ஓடினாலே ஓடுபாதையில் நெடுந்தூரம் உருண்டுதான் எழும். இந்த விமானத்தின் முன்சக்கரம் தூக்கி, தரையை விட்டுக் கொஞ்ச உயரம் போனதும் சத்தம் மாறியது. இருபது வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவன் நான், திரும்பிப் பார்க்காமலே இடது வெளிப்புறம் என்று தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் நிலைமையை உங்களில் பறந்தவர்கள் அறிவீர்கள். இருந்தாலும் அண்ணிக்காக இங்கே எழுதுகிறேன். முடிவெடுக்கும் வேகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் இன்ஜின் போனால் பிரேக் போட்டு ஓடுபாதையிலேயே நிற்கலாம். அதைத் தாண்டிவிட்டால் மேலே போய்த்தான் ஆக வேண்டும், மிச்சமிருக்கும் மூன்று இன்ஜினோடு. இடது ஓர இன்ஜின் நின்றதும் வலப்பக்கத்து விசை விமானத்தின் மூக்கை இடப்பக்கமாகத் தள்ளும். விமானி வலது கால் கொடுத்து, வாலில் இருக்கும் திருப்புப் பலகையான ரட்டரால் அதை நேராகப் பிடிக்க வேண்டும். ரட்டரில் காற்று மோதினால்தான் அது வேலை செய்யும். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போய்விட்டால் முழுக் காலையும் கொடுத்தாலும் விமானம் நேராக நிற்காது. நின்ற இன்ஜினின் புரொப்பெல்லர் இலைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிடவும் வேண்டும். ஃபெதர் செய்வது என்போம். செய்யாவிட்டால் அந்தப் புரொப்பெல்லர் ஒரு பெரிய தட்டு போலக் காற்றைத் தடுத்து விமானத்தைப் பின்னால் இழுக்கும். எந்த இன்ஜின் என்று கண்டுபிடிக்க வேண்டும், சரியான கைப்பிடியை இழுக்க வேண்டும், சக்கரத்தை உள்ளே எடுக்க வேண்டும், வேகத்தை விடாமல் பிடிக்க வேண்டும். எல்லாம் சில விநாடிக்குள். அதிலும் நின்ற இன்ஜின் பக்கமாகச் சாய்ந்து திரும்பினால் பிடித்துவைக்கத் தேவையான வேகம் இன்னும் கூடிவிடும்.

விமானம் இடது பக்கம் திரும்பியது. என் கண்ணால் பார்த்தேன். ஓடுபாதைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அது செய்யக் கூடாதது. நான் அதை மறைக்கவில்லை. இறந்தவர்கள் என் நண்பர்கள் என்பதற்காக அவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று வாதாடவும் வரவில்லை. அதே சமயம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிமுலேட்டரில் இன்ஜின் செயலிழப்புப் பயிற்சி எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, முறை வந்தபோதெல்லாம் வேறு பயணத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அண்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொன்ன மாதமும் இடமும் எனக்கு நினைவிருக்கிறது. பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்து, செதில் விழுந்த இன்ஜினையும் கொடுத்து, அவர்களை வானத்துக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் கடிதம் அவர்களில் ஒருவரைக்கூடச் சொல்லவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று இந்த மாதங்களில் தேடித் தேடிப் படித்தேன். 2018 மே 2 அன்று அமெரிக்காவின் சவானாவில், பியூர்ட்டோ ரிக்கோ தேசியக் காவல் விமானப் படையின் டபிள்யூசி-130 என்ற நான்கு இன்ஜின் விமானம் ஒன்று புறப்பட்டவுடன் விழுந்து 9 பேரும் இறந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய விமானம், பணியிலிருந்து விடைபெறுவதற்காக அரிசோனாவுக்குப் புறப்பட்ட கடைசிப் பயணம் அது. அங்கேயும் இடது வெளிப்புற இன்ஜின்தான். வலது ரட்டர் கொடுக்க வேண்டிய நேரத்தில் இடது ரட்டர் கொடுக்கப்பட்டதுதான் முதன்மைக் காரணம் என்று அவர்களின் விசாரணையும் விமானியின் பக்கம்தான் கை நீட்டியது. ஆனால் அதோடு கோப்பைக் கட்டிவிடவில்லை. ஏப்ரலில் அந்த விமானம் சவானாவுக்கு வந்தபோதே அதே இன்ஜினின் சுற்று வேகம் குறைந்ததையும், அதைச் சரியாகக் கண்டறிந்து பழுது நீக்காமல் பறக்க அனுமதித்ததையும் அதே அறிக்கையில் எழுதினார்கள். ஆறு மாதம் சொச்சத்தில் அதைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். பழுது பார்த்தவர்களின் பகுதியை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நானும் ஒரு பிளக்கைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவன்தானே.

ராணுவ ரகசியம் வெளியே போய்விடும் என்பீர்கள். அமெரிக்க விமானப் படை இதற்கென்று இரண்டு விசாரணை வைத்திருக்கிறது. ஒன்று பாதுகாப்பு விசாரணை. சாட்சி சொல்பவர் பயமில்லாமல் பேசுவதற்காக அது வெளியே வராது. இன்னொன்று விபத்து விசாரணை வாரியம். அதன் அறிக்கை குடும்பத்தாருக்கும் பொதுமக்களுக்கும் போகும். போர் விமானமும் ஏவுகணையும் வைத்திருக்கும் படைக்கே இது முடிகிறது. துருப்புகளையும் அரிசி மூட்டையையும் ஏற்றிப் போகும் விமானத்தின் கியர்பாக்ஸில் என்ன ரகசியம் இருக்கப் போகிறது?

2017 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பியில் கேசி-130 என்ற ராணுவ விமானம் ஒன்று வானத்திலேயே உடைந்து 16 பேர் இறந்தார்கள். புரொப்பெல்லர் இலை ஒன்று பிய்ந்து விமானத்தின் உடலைக் கிழித்துவிட்டது. 2011-இல் அந்த இலை பழுதுபார்ப்புக்கு வந்தபோது அதிலிருந்த உலோக அரிப்பை நீக்காமல் விட்டுவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அந்த விசாரணை 6 வருடம் பின்னோக்கிப் போயிருக்கிறது. உங்கள் கடிதம் மூன்று வாரம்கூடப் பின்னால் போகவில்லை.

இறந்த விமானிகள் மேல் பழி போடுவது எளிது, அவர்கள் வந்து பதில் சொல்ல மாட்டார்கள். 1994 ஜூன் 2 அன்று ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டைர் மலைப்பகுதியில் பிரிட்டன் விமானப் படையின் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேர் இறந்தார்கள். நேரில் விசாரித்த குழுவால் திட்டவட்டமாகக் காரணம் சொல்ல முடியவில்லை. அதை மறுபரிசீலித்த இரண்டு உயர் அதிகாரிகள்தான் விமானிகள் இருவரையும் கடும் கவனக்குறைவுக்குக் குற்றவாளிகள் ஆக்கினார்கள். துளியும் சந்தேகம் இல்லாவிட்டால் மட்டுமே இறந்தவர் மேல் அப்படிச் சொல்லலாம் என்ற விதி அப்போதே அவர்களிடம் இருந்தது. 2011-இல்தான் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, குடும்பத்தாரிடம் அரசு மன்னிப்புக் கேட்டது. அத்தனை வருடம் அந்த விமானிகளின் பெற்றோர் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார்கள். அண்ணிக்கு அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாம்.

இன்னொரு விஷயம். விமானம் விழுந்த இடத்துக்குத் தீயணைப்பு வண்டியோடு நானும் ஓடினேன். முதலில் வந்த வீரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உள்ள எத்தனை பேர்?" எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. விடுப்பில் போகும் சிப்பாய்கள் கடைசி நேரத்தில் ஏறியிருந்தார்கள். பெயர்ப் பட்டியல், ஆளும் சரக்கும் ஏற்றுவதைக் கவனிக்கும் லோட்மாஸ்டரின் கையில், விமானத்துக்குள் இருந்தது. ஐந்து பேர்தான் என்று யாரோ சொன்னார்கள். ஐந்து பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வால் பக்கத்தில் இன்னும் ஆள் இருக்கிறது என்பது, அங்கிருந்து ஒரு சிப்பாய் தவழ்ந்து வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. பிழைத்தது மொத்தம் மூன்று பேர். நேரத்தோடு தெரிந்திருந்தால் எத்தனை பேர் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை.

இதுவும் புதிதாக நடந்தது இல்லை. 1996 ஜூலை 15 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவனில் பெல்ஜிய சி-130 ராணுவப் போக்குவரத்து விமானம் ஒன்று பறவைக் கூட்டத்தில் மாட்டி, இன்ஜின்கள் சக்தி இழந்து விழுந்தது. உள்ளே 41 பேர், பெரும்பாலோர் ராணுவ வாத்தியக் குழுவினர். விமானக் குழு மட்டும்தான் இருக்கிறது என்று தீயணைப்பு வீரர்கள் நினைத்துக்கொண்டார்கள். பயணிகள் இருக்கும் செய்தி அவர்களிடம் நேரத்துக்குச் சேரவில்லை. 34 பேர் இறந்தார்கள். அதைப் படித்துவிட்டாவது நம்மவர்கள் ஒரு தாளை முன்கூட்டியே தீயணைப்பு நிலையத்தில் கொடுத்து வைத்திருக்கலாம். செலவே இல்லாத வேலை.

பயணிகள் விமானங்களுக்கு, விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது இல்லை என்று சர்வதேச விதியே இருக்கிறது. 1944 சிகாகோ ஒப்பந்தம் ராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது என்பதால் அந்த விதி உங்களைக் கட்டாது. சரி, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதே ரக விமானத்தில் நாளைக் காலையும் ஆட்கள் ஏறப் போகிறார்களே, அது உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாமா? அந்த இன்ஜின்களில் எது எதில் இப்போது நீட்டிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதில் ஏறுபவர்களுக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது இவை.

முழு விசாரணை அறிக்கையையும், உண்மையிலேயே ரகசியமான வரிகளை மட்டும் கறுப்படித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுங்கள். அதே ரக விமானத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் விமானக் குழுவுக்கும் அது போய்ச் சேர வேண்டும். எண்ணெய் மாதிரி அனுப்பிய தேதி, முடிவு வந்த தேதி, அதிலிருந்த அளவுகள், இரண்டு நீட்டிப்புகளின் தேதி, என் எழுத்துக் குறிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். விசாரணையில் இவற்றைப் பார்க்கவே இல்லை என்றால் விசாரணை முடியவில்லை என்று அர்த்தம். மறுபடி திறங்கள். என்னைக் கூப்பிடுங்கள், சத்தியப் பிரமாணத்தோடு சொல்கிறேன். என் கையெழுத்துக்கு வரும் தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அதுவரை, "விமானக் குழுவினர் உரிய நடைமுறையைப் பின்பற்றாததால்" என்ற வரியைக் குடும்பங்களுக்கு அனுப்பிய கடிதங்களிலிருந்து எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள்.

கியர்பாக்ஸில் செதில் கிடைத்த எந்த இன்ஜினும் ஆய்வக முடிவு வராமல் பறக்கக் கூடாது என்று இன்றே உத்தரவிடுங்கள். பயண அட்டவணைக்குப் பொறுப்பானவர் நீட்டிப்பில் கையெழுத்துப் போடக் கூடாது. இப்போது நீட்டிப்பில் இருக்கும் இன்ஜின்களை இந்த வாரமே திறந்து பாருங்கள். சிமுலேட்டர் பயிற்சித் தவணை கடந்த குழுவைப் பயணிகளோடு அனுப்பாதீர்கள். கதவு மூடுவதற்கு முன் ஏறியவர்களின் பட்டியல் தீயணைப்பு நிலையத்தின் கையில் இருக்கட்டும், கடைசி நிமிடத்தில் ஒருவர் ஏறினாலும் அவர் பெயரும் சேர்த்து.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அண்ணிக்கு அனுப்புங்கள். அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் அதில் நேரான பதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்த இன்ஜினின் பதிவேட்டில் கையெழுத்திட்ட டெக்னீஷியன்